ஜெயிலில் இருந்தது போன், அண்ணன் அல்ல

பேரன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பணிவோடு எழுதுவது.

நீயும் அண்ணியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்றரைப் பேரும் (நான், உன் மாப்பிள்ளை, என் மாமியார், அரைப் பேராகப் பத்து மாதப் பாப்பா) இன்றைய தேதிக்கு நலம். போன வாரம் எழுதியிருந்தால் இந்த வரியை எழுத என் கை வந்திருக்காது. அதனால்தான் போன வாரம் எழுதவில்லை. நீ போன் அனுப்பி இரண்டு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. ஒரு நன்றிக் கடிதத்துக்கு இது ரொம்பத் தாமதம் என்று தெரியும். மன்னித்துக்கொள். இதையும் பாப்பா தூங்கும் மதிய நேரங்களில் மூன்று நாளாக விட்டு விட்டு எழுதுகிறேன், எழுத்து ஒரே மாதிரி இருக்காது. கூப்பிட்டுப் பேசிவிடலாமே என்பாய். வீட்டில் போனில் பேசினால் அத்தை காதில் விழும். அப்படி விழுந்துதான் நீ ஜெயிலுக்குப் போனாய்.

ஆமாம், நான் கேள்விப்பட்டேன். பெரியப்பா உன்னைக் கூப்பிட்டு, "சாப்பாடெல்லாம் எப்படிடா போடறாங்க?" என்று கேட்டாராமே. நீயும் கம்பெனி கேன்டீனைக் கேட்கிறார் என்று நினைத்து, "மூணு வேளையும் போடறாங்க பெரியப்பா, உப்புதான் கம்மி, தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கணும்" என்றாயாமே. அவர் போனை வைத்துவிட்டு அழுதிருக்கிறார். அதோடு போயிற்றா? சித்தி அண்ணியைக் கூப்பிட்டு, "வாரத்துல எத்தனை நாள்மா அவனைப் பாக்க முடியுது?" என்று கேட்க, அண்ணி பாவம், "எங்க சித்தி, ஞாயித்துக்கிழமை மட்டும்தான், மத்த நாளெல்லாம் வேலை வாங்கியே கொன்னுடறாங்க" என்று உள்ளதைச் சொல்ல, சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். இத்தனைக்கும் நீ செய்த குற்றம் தங்கைக்கு ஒரு போன் அனுப்பியதுதான். உன்னை உள்ளே தள்ளியது நான். வேண்டுமென்று தள்ளவில்லை. எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன் வந்த அன்றைக்கு வீட்டில் ஒரே கூட்டம். பெட்டியைத் திறந்தால் முழுக்கக் கண்ணாடி. கீழே ஒரே ஒரு பொத்தான். அத்தை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொத்தானையெல்லாம் காணோமே, பார்சல்ல உதிர்ந்துருச்சா?" என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்கள். விரலால் தடவினால் படம் நகர்வதைப் பார்த்து உன் மாப்பிள்ளை அரைமணி நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு இங்கத்து சிம்மைப் போட்டோம். போன் அதைத் துப்பிவிட்டது. நீ எந்த நிறுவனத்திடம் வாங்கினாயோ அந்த நிறுவனத்தின் சிம் இருந்தால்தான் வாயைத் திறக்குமாம். இதை உனக்குச் சொன்னால் நீ மனசு கஷ்டப்படுவாய் என்று, "அருமையா இருக்குண்ணா" என்று வீட்டுப் போனிலிருந்து சொல்லிவைத்தோம். ஒரு மாதம் அதில் முகம் பார்த்துத் தலை வாரினேன். மோசமில்லை, வகிடு நன்றாகத் தெரியும்.

அதற்குள் பாப்பாவுக்கு ஒன்று வர ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பாள். திடீரென்று தலையில் ஜில்லென்று தண்ணீர் ஊற்றியதைப் போல உடம்பு உதறும், தோள் இரண்டும் காதுவரை ஏறும், கைகள் விறைக்கும், பல்லைக் கடிப்பாள், இருக்கிறதே நாலு பல்தான். கண் எங்கேயோ ஒரு இடத்தில் நிற்கும். நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நாலு நொடி, அஞ்சு நொடி. பிறகு ஒன்றுமே நடக்காததைப் போல விளையாடப் போய்விடுவாள். காலையிலும் வரும், சாயங்காலமும் வரும், என் மடியிலும் வரும், தரையிலும் வரும். ஒரு நாளைக்கு ஆறு முறை வரும், இரண்டு நாள் வராமலே இருக்கும். நான் நோட்டுப் போட்டு நேரம் குறித்தேன். கல்லூரியில் மூன்று வருஷம் கணக்குப் படித்தவளாயிற்றே, ஒரு ஒழுங்கு பிடிபடும் என்று பார்த்தேன். பிடிபடவில்லை. பேனா மை தீர்ந்ததுதான் மிச்சம்.

குழந்தைகள் டாக்டரிடம் மூன்று முறை போனோம். மூன்று முறையும் பாப்பா அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்துவிட்டு வந்தாள். நான் உதறிக் காட்டினேன். உன் மாப்பிள்ளை, "இல்ல டாக்டர், தோள் இன்னும் மேல ஏறும்" என்று எழுந்து நின்று அவரும் உதறிக் காட்டினார். இரண்டு பெரியவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்க, குழந்தை மட்டும் ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் நல்லவர், சிரிக்கவில்லை. "வலிப்பா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீங்க சொல்றதை வச்சு எனக்கு முடிவு பண்ண முடியலை. வரும்போது ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. வர்ற மாசம் இரண்டாவது வியாழக்கிழமைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில எழுதித் தரேன். அதுக்குள்ள வீடியோ கிடைச்சா நல்லது. இல்லைன்னா மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுக்கணும், மருந்தும் தொடங்க வேண்டியிருக்கும். தொடங்கினா ரெண்டு வருஷம்." மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து வியாழக்கிழமை என்ற சொல்லே எனக்கு ஆகாமல் போயிற்று.

ஒரு வீடியோதானே என்பாய். உன் மாப்பிள்ளையின் போனில் டார்ச் லைட் உண்டு, கேமரா கிடையாது. என் பழைய போன் வாளியில் விழுந்து செத்தது உனக்கே தெரியும், அதனால்தானே நீ புதிதாக அனுப்பினாய். எதிர்வீட்டு டீச்சரிடம் அவங்க போனை இரண்டு நாள் இரவல் வாங்கினேன், பாப்பா நடக்கப் பழகுவதைப் படம் எடுக்க என்று ஒரு பொய் சொல்லி. இரண்டு நாளும் பாப்பா சாமர்த்தியமாக ஒன்றும் செய்யவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறேன், உதறினாள். இது எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டு வருகிற விஷயமா? கையிலேயே இருக்கிற போன் வேண்டும். கையிலேயே ஒன்று இருந்தது, அத்தனை அழகான போன், கேமராவும் இருந்தது. ஆனால் அது போட்டோ மட்டும்தான் எடுக்கும். வீடியோ எடுக்காது. கண் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, உள்ளே இடமும் இருக்கிறது. எடுக்கக் கூடாது என்று யாரோ எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு போன் ரிப்பேர் கடை உண்டு. நடத்துகிறவர் நாற்பது வயது அம்மா, ஒரு காலத்தில் பேட்டரி மட்டும் விற்றவர், இன்றைக்கும் எல்லோருக்கும் பேட்டரி அக்காதான். போனை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "அட, இதா! ஜெயில்ல இருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "திருட்டுப் போன் இல்லைக்கா, எங்கண்ணன் வாங்கி அனுப்பினது."

"திருட்டுன்னு யாரு சொன்னா? போனுக்குள்ள ஒரு ஜெயில் கட்டி, அதுக்குள்ள போனையே உக்கார வச்சிருக்காங்க. கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்ட புரோகிராமைத்தான் காவல்காரன் உள்ள விடுவான். வீடியோ எடுக்க எவனோ ஒரு புண்ணியவான் புரோகிராம் எழுதி வச்சிருக்கான். அதுல கையெழுத்து இல்லை. அதனால உள்ள வராது. ஜெயிலை உடைச்சா வரும். உடைச்சுட்டா இங்கத்து சிம்முக்கும் ஒரு வழி பண்ணிடலாம்."

"உடைக்கலாமாக்கா? தப்பில்லையா?"

"உங்க வீட்டுப் பீரோ சாவி கடைக்காரன்கிட்ட இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் ஆய்வாளர் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நாம் எல்லோரும் லிஃப்டில் ஏறினால் கண்ணாடியைப் பார்ப்போம், அவர் சான்றிதழைப் பார்ப்பார். "பூட்டுன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்றார். "ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நிக்கறப்ப கதவு திறக்கக் கூடாது. திறந்தா உள்ள இருக்கறவன் விழுந்துடுவான். அவன் நல்லதுக்குத்தான் பூட்டு."

"உள்ள இருக்கறவனுக்கு மூச்சுத் திணறினா?"

"வெளியில சாவி இருக்கும். எங்ககிட்ட இருக்கு. உள்ள நம்பர் எழுதியிருக்கும், கூப்பிடலாம்."

"இந்தப் போனுக்கு யாரைக் கூப்பிடறது?"

அவர் பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை படித்தார். எச்சரிக்கைகளை இரண்டு தரம் படித்தார். மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நம்பர் எதுவும் இல்லை. உடைச்சுடு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வர என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

உடனே வீட்டுப் போனிலிருந்து பேட்டரி அக்காவைக் கூப்பிட்டேன். அத்தை அடுப்படியில் இருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது, அவர்களே பிற்பாடு ஒப்பித்தபடி, இவ்வளவுதான்: "ஆமாக்கா, எங்கண்ணன்தான்... ஜெயில்லதான் இருக்கு, உடைச்சாத்தான் வெளியில வரும்... ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னா சுலபமா? ஒண்ணு புள்ளி மூணுன்னா கஷ்டமா?... போலீஸ் கேஸ் ஏதும் ஆகாதே?... சரிக்கா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, வியாழக்கிழமைக்குள்ள வெளியில எடுத்துடுங்க." அந்தப் புள்ளிக் கணக்கு போனுக்குள் இருக்கும் புரோகிராமின் பதிப்பு எண். அத்தை அதைத் தண்டனைக் காலம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷமும் கொஞ்சமும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா, அவர்கள் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மூன்று நாள் என்னை ஒரு பாத்திரம் தொடவிடவில்லை. "நீ உக்காரும்மா, உனக்கு மனசு சரியிருக்காது" என்றார்கள். குழந்தையைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி நான் உட்கார்ந்து பார்த்த மூன்று நாள் அது. யாரிடமும் சொல்லவில்லையாம். நம் பெரியப்பாவிடம் மட்டும்தான்.

நாலாம் நாள் அம்மா கூப்பிட்டது. "எத்தனை வருஷம்டி?"

"எது எத்தனை வருஷம்மா?"

"அவனுக்கு. ஒண்ணு புள்ளி ஏதோவாமே. அது என்னடி புள்ளி? பெருசா சின்னதா?"

எனக்குப் புரிய அஞ்சு நிமிஷம், அம்மாவுக்குப் புரிய வைக்க முக்கால் மணி நேரம். அண்ணன் வெளியில்தான் இருக்கிறான், போன்தான் உள்ளே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில், "சரி, அதை எதுக்குடி உடைக்கணும்?" என்று கேட்டதே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாப்பாவுக்கு வருவதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். அம்மாவின் ரத்த அழுத்தம் உனக்குத் தெரியாததா? "கேம் விளையாடத்தான்மா" என்றேன். "பச்சைக் குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு உனக்கு விளையாட்டு கேக்குதா? வெக்கமா இல்லை? காலேஜுக்கு அனுப்பினது இதுக்குத்தானா?" என்று அரைமணி நேரம் கிழித்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதத்திலேயே எனக்கு நிம்மதியாக இருந்த அரைமணி நேரம் அது. நீ கைதான செய்தி ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. விடுதலையான செய்தி இன்னும் நடந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஜெயிலை உடைத்த கதைக்கு வருகிறேன். சுத்தியல், ஸ்குரூ டிரைவர் எல்லாம் வரும் என்று நினைத்தேன். பேட்டரி அக்கா போனை என் கையிலேயே கொடுத்து இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு படம் இருந்ததாம், நான் பார்ப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. "அது படம் மாதிரி இருக்கும், கெட்ட படம்" என்றார். "தப்பா நினைக்காதீங்க, அந்தக் கெட்ட படம் இல்லை. தன் அளவைப் பத்திப் பொய் சொல்ற படம். போன் அதை நம்பி விரிக்கப் பாக்கும். சொன்ன அளவு ஒண்ணு, வர்ற அளவு ஒண்ணு. இடம் பத்தாம ஒரு நொடி தடுமாறும். அந்த ஒரு நொடியில நம்ம ஆள் உள்ள போயிடுவான்." நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரை. வெளிச்சம் இல்லை, தொட்டால் பதில் இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. என் மடியில் இருந்த பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு என்ன தோன்றியது என்று உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல? இத்தனை பெரிய மூளைக்காரர்கள் சேர்ந்து கட்டிய சுவரிலேயே அவசரத்தில் ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். நான் தனியாகப் பத்து மாதம் கட்டினேன், அதில் முதல் மூன்று மாதம் வாந்தி. எந்த வாரத்தில், எந்த அவசரத்தில், எதை நான் சரியாக மூடாமல் விட்டேனோ என்று அந்த மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திரை விழித்துக்கொண்டது. "ஆச்சு" என்றார் அக்கா. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. அப்டேட்னு ஒண்ணு வரும். அமுக்கினீங்கன்னா ஓட்டையை அடைச்சுடுவான், நம்ம ஆளையும் துரத்திடுவான். தலைபோனாலும் அமுக்காதீங்க."

வீடியோ புரோகிராம் வந்தது, சிம்மும் பேசியது. அதற்கு அடுத்த வாரம் நான் பாப்பாவை நேராகப் பார்க்கவே இல்லை, திரை வழியாகத்தான் பார்த்தேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. முன்னும் பின்னும் சேர்த்துப் பதினோரு நொடி வீடியோ. முழுசாகப் பிடித்துவிட்டேன். "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கூடத்தில் குதித்தேன். அத்தையும் ஓடிவந்து கையைத் தட்டினார்கள். அப்புறம்தான் இரண்டு பேரும் எதற்குக் குதிக்கிறோம் என்று உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைப் பார்க்கப் போனோம்.

அன்று சாயங்காலம் உன் மாப்பிள்ளை அந்த வீடியோவைப் பத்திரமாக இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்று போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். நல்ல எண்ணம்தான், அதில் ஒரு குறையும் இல்லை. நான் பாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன், மனுஷன் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். போனில் ஒரு ஒயர் படம், ஒரு அம்பு. வேறு ஒன்றும் இல்லை.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. அது கேட்டுச்சு. சரின்னேன்."

"என்ன கேட்டுச்சு?"

"பாதுகாப்புக் குறைபாடு இருக்கு, சரி பண்ணட்டுமான்னு கேட்டுச்சு." குரல் உள்ளே போய்விட்டது. "பாதுகாப்புன்னு போட்டிருந்துச்சும்மா."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். பதினாலு வருஷமாக அந்தச் சொல்லைப் பார்த்தால் நின்று கையெழுத்துப் போடுகிற மனிதர், அந்த ஒரு நாள் மட்டும் எப்படித் தாண்டிப் போவார்? வீடியோ போயிற்று. சிம்மைத் துப்பிவிட்டது. வியாழக்கிழமைக்கு அஞ்சு நாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கச் சொல்லிப் பேட்டரி அக்காவை வீட்டிலிருந்து கூட்டிவந்தோம். "செங்கல் ஆயிடுச்சு, இப்போதைக்கு எதுக்கும் உதவாது" என்றார். பழைய பதிப்புக்கு இறக்க வேண்டும், அதற்குப் போனை ஆழ்ந்த மயக்கத்தில் போட வேண்டுமாம். அந்தச் சொல்லைத் தவிர்த்து வேறு ஏதாவது சொல்லக் கூடாதா? மேல் விளிம்பில் ஒளிந்திருக்கும் பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் சேர்த்துப் பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும், பத்தில் மேல் விரலை எடுக்க வேண்டும், கீழ் விரலை எடுக்கக் கூடாது. அக்கா எண்ண, நான் அழுத்த, எட்டில் பாப்பா என் மூக்கைப் பிடித்தாள். மறுபடி எண்ண, ஒன்பதில் உன் மாப்பிள்ளை, "இப்ப எடுக்கணுமா?" என்று கேட்டதில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டேன். ஏழாவது தடவை பிடித்தது. மறுபடி கெட்ட படம், மறுபடி இருட்டு, மறுபடி உயிர். இந்த முறை உன் மாப்பிள்ளை கம்ப்யூட்டரின் ஒயரைச் சுருட்டி அலுவலகத்துக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வைத்துவிட்டு வந்தார்.

ஆனால் இன்னொரு சிக்கல் முளைத்திருந்தது. ஒரு வாரமாக நான் அவள் முகத்துக்கு நேரே அதை நீட்டிக்கொண்டே இருந்ததில், போனைக் கண்டாலே பாப்பா செய்வதை விட்டுவிட்டுச் சிரிக்கப் பழகிவிட்டாள். திங்கள் முழுக்கச் சிரிப்பு. செவ்வாயும் சிரிப்பு. என்னிடம் இப்போதும் நாற்பது வீடியோ இருக்கிறது, எல்லாவற்றிலும் நாலு பல். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் மாப்பிள்ளை ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். லிஃப்ட் கதவு இடுக்கை அளக்கிற கருவியால் கேமராவின் அளவை எடுத்தார், பெட்டியில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டார், போனை உள்ளே வைத்து மூடினார். எந்த மூடியிலும் ஓட்டை இருந்தால் குறை எழுதிச் சீட்டுக் கொடுக்கிற ஆள். "சரியா இருக்கு, அரை மில்லி கூட ஆடாது" என்றார். அத்தை தூக்கி எறிந்துவிடாமல் இருக்க, மேலே 'திறக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டவும் மறக்கவில்லை.

புதன் காலை எட்டேமுக்கால். அத்தை பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள், பெட்டி அலமாரியில் தன் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வந்தது. இந்த முறை யாரும் குதிக்கவில்லை. அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். ஊரெல்லாம் உன் ஜெயில் கதையைச் சொன்ன அவர்கள், இந்த ஒரு விஷயத்தை இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அன்று மாலையே டாக்டரிடம் ஓடினோம். மனிதர் நாலு முறை பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அஞ்சாவது முறை ஓடவிட்டு நிறுத்தி, "நீங்க இதுல எதைப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"பாப்பாவை."

"அதான். கரண்டியைப் பாருங்க."

திரையின் ஓரத்தில் அத்தையின் கை வருகிறது, கரண்டி வருகிறது, உடனே பாப்பா உதறுகிறாள். கரண்டி வாய்க்குள் போனதும் நின்றுவிடுகிறது. நோட்டில் நான் நேரம் எழுதினேன், அவள் என்ன பார்த்தாள் என்று எழுதவில்லை. "வலிப்பு இல்லை" என்றார். "சில குழந்தைங்களுக்குச் சந்தோஷம் வந்தா உடம்பு தாங்காது, இப்படி உதறும். நடுக்கம், அவ்வளவுதான். ஸ்கேன் வேண்டாம், மருந்து வேண்டாம். வளர வளர தானாப் போயிடும். புதுசா வேற ஏதாவது தெரிஞ்சா மட்டும் வாங்க." பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி இரண்டாகக் கிழித்தார். அப்புறம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "இதே போன்தான் நானும் வச்சிருக்கேன். இதுல வீடியோ எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். பேட்டரி அக்கா கடைக்கு வழி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அப்டேட் அமுக்காதீங்க என்று உன் மாப்பிள்ளையே அவருக்குச் சொன்னார். கீழே இறங்க லிஃப்டில் ஏறினோம். அண்ணா, அன்றைக்கு அவர் சான்றிதழைப் பார்க்கவில்லை. பாப்பாவின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். கீழே வந்து கதவு திறந்தும் அப்படியே நின்றார். மறுபடி மேலே போய்விட்டோம்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷத்தை இந்தச் சின்ன உடம்பில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், நான் அதைக் குறை என்று குறித்துக்கொண்டே வந்தேனே. இனிமேல் போன் அலமாரியில் இருக்கும். நான் வெறும் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் இரண்டு வேண்டுகோள். பெரியப்பாவைக் கூப்பிட்டு நீ வெளியில்தான் இருக்கிறாய் என்று உன் வாயாலேயே சொல்லிவிடு. நான் சொன்னால், "மறைக்காதேம்மா, குடும்பத்துல இதெல்லாம் சகஜம்" என்கிறார். இரண்டாவது, பாப்பாவுக்கு வந்ததைப் பற்றி அம்மா காதில் ஒரு சொல் விழக் கூடாது. முடிந்துபோன விஷயமானாலும் தாங்காது. கேம் விளையாடத்தான் உடைத்தேன் என்றே இருக்கட்டும், திட்டு எனக்குப் பழகிவிட்டது.

அண்ணிக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் இருக்கிற இடத்தில் கதவுகள் உங்கள் கைக்கே திறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, உன் ஆசியை எதிர்பார்த்து முடிக்கிறேன். போனுக்கு ரொம்ப நன்றி. அருமையாக இருக்கிறது, இந்த முறை நிஜமாகவே.

இப்படிக்கு,
உன் அருமைத் தங்கை

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் அம்மா வந்து நிற்கிறது, சொல்லாமல் கொள்ளாமல், கையில் பையோடு. கேம் கதையை நம்பவில்லையாம். நான் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு கிண்ணத்தை எடுத்துவிட்டது. நான் ஓடிவருவதற்குள் பாப்பா உதறினாள், தோள் காதுவரை ஏறியது, கண் நின்றது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன். அம்மா சிரிக்கிறது! "அட, மாமனை அப்படியே உரிச்சு வச்சிருக்கே! உங்கண்ணனும் இதே மாதிரிதான்டி, கிண்ணத்தைக் கண்டா உதறுவான். ரெண்டு வயசுவரைக்கும் இருந்துச்சு. நாங்களும் பயந்து டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம், ஆசை தாங்கலை, வேற ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாரு." அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நோட்டு, டாக்டர், வியாழக்கிழமை, செங்கல், செருப்புப் பெட்டி, ஒன்றுவிடாமல். அம்மா கிண்ணத்தை வழித்து ஊட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "இதுக்கா ஜெயிலை உடைச்ச? எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேடி."